மொறிஸ் மைனருக்கு ஃபோர்ட் டைப் 9 கியர்பொக்ஸ்: கிராங்க் பைலட் புஷ் மாத்துறது பற்றி

மைனர்67 | லண்டன்

வணக்கம் எல்லாருக்கும். என்னட்டை 1967 மொறிஸ் மைனர் ட்ராவலர் ஒண்டு இருக்கு, 1098 சிசி ஏ சீரிஸ் எஞ்சின். எஞ்சினிலை குறை சொல்ல ஒண்டுமில்லை, ஆனா கியர்பொக்ஸ் பழைய நாலு ஸ்பீட், முதலாம் கியருக்கு சிங்க்ரோ (கியர் கரகரக்காமல் விழப் பண்ணுற வளையம்) கிடையாது, மோட்டர்வேயிலை 60 மைலுக்கு மேலை போனா எஞ்சின் கத்துற கத்திலை பக்கத்திலை இருக்கிற ஆளோடை கதைக்கேலாது. அதாலை ஃபோர்ட் சியெர்ராவிலை வந்த டைப் 9 அஞ்சு ஸ்பீட் பொக்ஸ் போடுவம் எண்டு வெளிக்கிட்டன். அஞ்சாம் கியர் 0.82, அப்ப 4000 ஆர்பிஎம் ஓடுற இடத்திலை 3300க்குக் கிட்ட வந்திடும், இந்தக் காருக்கு அது பெரிய விசயம்.

பெல் ஹவுசிங் (கியர்பொக்ஸை எஞ்சினோடை சேக்கிற மணி மாதிரிக் கூடு), கிளச் பிளேட், மாத்தின குறுக்கு மெம்பர் எல்லாம் வேலையைப் பாதியிலை விட்ட ஒரு ஆளிட்டை செக்கண்ட் ஹாண்டா எடுத்தது. அதுக்குள்ளை பைலட் புஷ் மட்டும் இல்லை, அதுதான் கியர்பொக்ஸ் இன்புட் ஷாஃப்ட் நுனியை கிராங்கின்ரை (எஞ்சினிலை சுத்துற முக்கியத் தண்டு) பின் ஓட்டையிலை தாங்கிற சின்ன வளையம். எஞ்சின் இப்ப ஸ்டாண்டிலை நிக்குது, ஃபிளைவீல் கழட்டியாச்சு, கிராங்கின்ரை பின் ஓட்டைக்குள்ளை பழைய புஷ் அப்பிடியே கிடக்கு. டைப் 9 ஷாஃப்ட் நுனி 15 மில்லி, பழைய புஷ்ஷுக்கும் அதுக்கும் ஒத்துவரேல்லை.

பழசை கிராங்குக்குக் காயம் வராமல் எப்பிடி எடுக்கிறது? புதுசு புஷ்ஷாவே போடுறதோ இல்லை நீடில் பேரிங்கோ (ஊசி மாதிரி மெல்லிய உருளை வச்ச பேரிங்)? கடையிலை புஷ் பாத்தன், ஆனா அளவிலை எனக்கு நம்பிக்கை வரேல்லை. லேத்திலை செய்விக்கிறதெண்டா என்ன அளவு குடுக்கவேணும்? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

அம்பி_மார்க்3 | சென்னை

வாங்க ப்ரோ, மைனர் ட்ராவலர்னா அந்த மரச்சட்டம் போட்ட பாடி தானே, போட்டோ போடுங்க சீக்கிரம்.

பழசை எடுக்குறதுக்கு நம்ம ஊர் முறை கிரீஸ் தான். புஷ் ஓட்டைல கிரீஸை நல்லா அமுக்கி நிரப்புங்க, காத்து இருக்கக் கூடாது, அப்புறம் அந்த ஓட்டைக்கு டைட்டா போற மாதிரி ஒரு ராடு, பழைய கியர்பாக்ஸோட இன்புட் ஷாஃப்ட் கைல இருந்தா அதுவே பெஸ்ட், அத வச்சு சுத்தியால ரெண்டு தட்டு. கிரீஸுக்கு போக வழி கிடையாது, புஷ்ஷுக்குப் பின்னாடி போய் அதை வெளிய தள்ளும். என் அம்பாசடர்ல பி சீரிஸ் 1489 எஞ்சின், அதுல இப்படித்தான் எடுத்தோம், புதுப்பேட்டைல ஒரு வயசான மெக்கானிக் செஞ்சு காமிச்சாரு. ராடு லூசா இருந்தா கிரீஸ் மூஞ்சில தான் அடிக்கும், அதனால ராடு மேல ரெண்டு சுத்து டேப் சுத்திக்கங்க, கண்ணாடியும் போட்டுக்கங்க.

மைனர்67 | லண்டன்

நன்றி அண்ணை. பழைய ஷாஃப்ட் இருக்கு, கறாஜுக்குள்ளை பழைய பொக்ஸ் முழுசாவே கிடக்கு. பிரட் வச்சு அடிக்கிறதெண்டும் ஒரு வீடியோவிலை பாத்தன், அது உண்மையோ?

அம்பி_மார்க்3 | சென்னை

உண்மை தான். ஈரமான பிரட், ஈரமான டிஷ்யூ பேப்பர், சோப்பு, எது வேணா. அமுங்காம, வழிஞ்சு ஓடாம இருக்கணும் அவ்ளோ தான். கிரீஸை விட பேப்பர்ல சுத்தம் பண்றது ஈஸி.

கோவை_லேத் | கோயம்புத்தூர்

வணக்கங்க. நான் சிங்காநல்லூர் பக்கம் லேத் போட்டிருக்கேனுங்க, பழைய வண்டிங்களுக்கு இந்த புஷ்ஷு நெறைய கடைஞ்சு குடுத்திருக்கேன். அண்ணன் சொன்ன கிரீஸ் முறை சரிதானுங்க. அதுக்கும் வரலைன்னா புஷ்ஷுக்குள்ள டேப் போட்டு மரை ஏத்தி ஒரு போல்ட்ட முடுக்குங்க, போல்ட் நுனி கிராங்க் அடில போய் முட்டுனதும் புஷ்ஷு தானா மேல ஏறி வரும். உளிய வச்சு புஷ்ஷ பொளந்து எடுக்குறது மட்டும் வேண்டாமுங்க. கிராங்க் துளைல ஒரு கோடு விழுந்தாக்கூட புதுசு நேரா உக்காராது.

அடுத்தது அளவு. இத கொஞ்சம் பொறுமையா படிங்க, ஏன்னா கியர்பாக்ஸ் மாத்துற வேலைல முக்கால்வாசி பேரு கோட்டை விடுற எடம் இதுதான். கடைல "ஏ சீரிஸுக்கு டைப் 9 புஷ்"னு கேட்டா ஒண்ணு எடுத்துக் குடுப்பாங்க. ஆனா உங்க கிராங்க் துளை எத்தனை, உங்க ஷாஃப்ட் நுனி தேஞ்சு எத்தனைல நிக்குது, இது கடைக்காரருக்குத் தெரியாதுங்களே. அந்த ஷாஃப்ட் சியெர்ராவுல எத்தனை மைல் ஓடுச்சுன்னு யாருக்குத் தெரியும். அதனால மைக்ரோமீட்டர்ல நுனிய மூணு எடத்துல அளங்க, முன்னால, நடுவுல, தோள் பக்கம். ஒவ்வொரு எடத்துலயும் கால் சுத்து திருப்பி இன்னொருக்கா அளங்க, ஓவலா இருந்தா தெரிஞ்சு போகும். கிராங்க் துளைக்கு டெலஸ்கோபிக் கேஜ் இருந்தா நல்லது, வெர்னியர வச்சு உள் அளவ நம்பாதீங்க.

வெளி அளவு கிராங்க் துளைய விட ஆயிரத்துல ரெண்டு இன்ச் (0.002 இன்ச்) பெருசா இருந்தா போதும், இறுக்கமா உக்காந்துக்கும். உள் அளவு தான் வெவகாரம். புஷ்ஷ உள்ள அடிச்சதும் வெளிய எவ்வளவு இறுக்கமோ ஏறக்கொறைய அவ்வளவு உள்துளையும் சுருங்கும். நீங்க 15 மில்லி நுனிக்கு சரியா கடைஞ்சு வச்சுட்டு அடிச்சீங்கன்னா அப்புறம் ஷாஃப்ட்டு போகாது. அந்தச் சுருக்கத்தையும் சேத்து வச்சு, அடிச்சு முடிச்ச பொறகு ஷாஃப்ட்டுக்கும் புஷ்ஷுக்கும் நடுவுல ஆயிரத்துல ஒண்ணுல இருந்து மூணு இன்ச் வரைக்கும் எடவெளி இருக்கற மாதிரி கடையணுமுங்க.

சரக்கு ஆயிலைட்டு தான் வேணும், சும்மா கன்மெட்டல் ராடுல கடைஞ்சது வேண்டாம். ஆயிலைட்டுங்கறது செம்புத் தூளும் பத்து சதவீதம் தகரமும் கலந்து அமுக்கிச் சுட்டது, உள்ள ஸ்பாஞ்சு மாதிரி நுணுக்கமா துளை இருக்கும், எண்ணெய் அதுக்குள்ள நிக்கும். கிராங்க் பின்னாடி இருக்கற இந்த புஷ்ஷுக்கு வேற எந்த வழியிலயும் எண்ணெய் போகாதுங்க, அதுக்குள்ள இருக்கறது தான் அதோட ஆயுசுக்கும். கடையும்போது டூல் நல்ல கூரா இருக்கணும், மழுங்குன டூல்ல இழுத்தா அந்தத் துளையெல்லாம் மூடிக்கும். எமரி பேப்பர் போட்டுத் தேச்சாலும் அதே கதி, கூடவே அந்தப் பொடி உள்ள பதிஞ்சு ஷாஃப்ட்ட அரிக்கும்.

பட்டறை_மதுரை | மதுரை

லேத் அண்ணே சொல்றது சரிதான், ஆனா இந்த காலத்துல எதுக்குண்ணே புஷ்ஷு? ஃபோர்டுகாரனே அந்த சியெர்ரா எஞ்சின்ல நீடில் ரோலர் பேரிங் தான போட்ருந்தான், வெளிய 21 மில்லி, உள்ள 15 மில்லி. புஷ்ஷ கடைஞ்சு அதுக்குள்ள அந்த பேரிங்க உக்கார வச்சுட்டா முடிஞ்சுச்சு. உராய்வு கம்மி, கிளட்ச் மிதிச்சதும் ஷாஃப்ட் சட்டுனு நிக்கும், ரிவர்ஸ் போடயில கரகரங்காது. நான் ரெண்டு மூணு வண்டிக்கு போட்டுக் குடுத்துருக்கேன், இன்னைக்கி வரைக்கும் ஒரு கம்ப்ளெய்ன்ட் இல்ல.

கோவை_லேத் | கோயம்புத்தூர்

தம்பி, கம்பெனி எஞ்சினும் கம்பெனி பாக்ஸும் ஒண்ணுக்கொண்ணுன்னு செஞ்சு வந்த வண்டில நீங்க சொல்றது சரி. நானே அப்படி எடத்துல பேரிங் தான் போடுவேன். இங்க பாருங்க, பிரிட்டிஷ் எஞ்சின் ஒண்ணு, அதுக்கு ஃபோர்ட் பாக்ஸு, நடுவுல யாரோ வார்த்த பெல் ஹவுசிங்கு. மையம் ஒரு முடி அளவு தள்ளி இருந்தாலும் நீடில் பேரிங் தாங்காதுங்க. ஊசி ஒடைஞ்சா நுனிய அரைச்சு விட்ரும், அப்புறம் இன்புட் ஷாஃப்ட்டே மாத்தணும், பாக்ஸ பிரிக்கணும். புஷ்ஷு அப்படி இல்ல, கொஞ்சம் கோணல் இருந்தா அது தேயும், ஷாஃப்ட்ட விட்ரும். விலை கம்மியான சாமான் தேயட்டுமே.

இன்னொண்ணு, அது சுத்தறதே கிளட்ச் மிதிச்சிருக்கற நேரத்துல மட்டும் தான். பெடல விட்டுட்டா கிராங்கும் ஷாஃப்ட்டும் ஒண்ணா சுத்துது, நடுவுல உராய்வே கிடையாது. மைனர் மாதிரி வண்டிக்கு புஷ்ஷு தாராளமா போதும்.

பட்டறை_மதுரை | மதுரை

மையம் தள்ளி இருக்கும்னு ஏண்ணே முதல்லயே முடிவு பண்றீக? டயல் இண்டிகேட்டர் (நுணுக்கமான ஓட்டத்த முள்ளுல காட்டுற மானி) வச்சு பாத்து நேராக்கிட்டு போடலாம்ல. நான் அப்படித்தான் போடுறது.

கோவை_லேத் | கோயம்புத்தூர்

டயல் வச்சுப் பாக்கறவங்க பேரிங் போடலாம், அதுல நான் மாறுபடலை. அவரு மொதல்ல டயல் வச்சு பாக்கட்டும். மைனர்67, கிராங்க் பின்னாடி டயல் இண்டிகேட்டர் ஸ்டாண்ட மாட்டிட்டு, பெல் ஹவுசிங் மட்டும் போல்ட் போட்டு, அதோட நடுத் துளைல முள்ள வச்சு கிராங்க முழு சுத்து சுத்திப் பாருங்க. மொத்த ஓட்டம் ஆயிரத்துல அஞ்சு இன்ச்சுக்குள்ள இருக்கணும். அதுல பாதி தான் மையம் தள்ளி இருக்கற அளவு, அதையும் ஞாபகம் வச்சுக்கங்க. அதிகமா வந்தா பெல் ஹவுசிங்க எடத்துல நிறுத்தற டவல் பின்ன சரி பண்ணணும், புஷ்ஷ லூசாக்கி சமாளிக்கறது வேலையே இல்லைங்க.

டொரண்டோ_ஷெவி | டொரண்டோ

அண்ணையாக்கள் கதைக்கிறதை வாசிக்கச் சந்தோசமா இருக்கு. நான் ஷெவி ஸ்மோல் பிளொக் (ஷெவர்லே வி8 எஞ்சின்) ஆள், ஓட்டோமாட்டிக்கிலை இருந்து மனுவலுக்கு மாத்திற வேலைதான் கூட. இங்கை எங்களுக்கு எல்லாரும் முதல் சொல்லுற பாடம், கடையிலை வாங்கின புஷ்ஷை காந்தத்திலை வச்சுப் பார். வெண்கலத்திலை காந்தம் ஒட்டாது. ஒட்டினா இரும்பு கலந்த சரக்கு, அது எண்ணெய் வத்தினாப் பிறகு ஷாஃப்ட் நுனியைக் கவ்விப் பிடிச்சுக் கீறும். பாக்கிறதுக்கு ரெண்டும் ஒரே நிறம், கண்ணாலை கண்டுபிடிக்கேலாது. மைனர்67 அண்ணை கடையிலை வாங்கினாலும் லேத்திலை செய்விச்சாலும் காந்தத்தை ஒருக்கா வச்சுப் பாருங்கோ.

அதோடை இன்னொரு விசயம், இதை வாசிக்கிற வேறை ஆக்களுக்காக எழுதுறன். ஓட்டோமாட்டிக்கா வந்த எல்லாக் கிராங்கிலையும் பைலட் ஓட்டை முழுசாக் கடைஞ்சிருக்கும் எண்டு நினைக்கவேண்டாம். பழைய கிரைஸ்லர் எஞ்சின்களிலை சிலதுக்கு அந்த ஓட்டை அரைகுறையாத்தான் இருக்கும், எஞ்சின் வெளியிலை இருக்கேக்கை பாத்திட்டாத் தப்பினீங்கள்.

அம்பி_மார்க்3 | சென்னை

இது நல்ல பாயிண்ட். பி சீரிஸ்லயும் இந்த மாதிரி ஒண்ணு இருக்கு. எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் கார்ல 1964 கடைசில மூணு மெயின் பேரிங் எஞ்சின் போய் அஞ்சு பேரிங் எஞ்சின் வந்துச்சு, கிராங்க்கும் மாறிச்சு, புஷ்ஷும் வேற. நம்ம அம்பாசடர் கிராங்க் மூணு பேரிங். எம்ஜிபி புஷ்னு வெளிநாட்லருந்து வரவழைச்சா எந்த எம்ஜிபினு கேக்கணும். அளக்காம வாங்காதீங்கன்னு லேத் அண்ணன் சொல்றது இதுக்குத்தான்.

மைனர்67 | லண்டன்

பழைய புஷ் வந்திட்டுது. ஈர டிஷ்யூ பேப்பர் தான் வச்சனான். முதல் கொஞ்சம் அடியிலை ஒண்டும் நடக்கேல்லை, பேப்பர் இறுகிக் கொண்டு போச்சுது, திருப்பித் திருப்பிப் பேப்பர் நிரப்பி அடிக்க ஷாஃப்ட் நுனி உள்ளை போகாமல் கல்லிலை அடிக்கிற மாதிரிச் சத்தம் மாறிச்சு, அதுக்குப் பிறகு ஒவ்வொரு அடிக்கும் புஷ்ஷின்ரை விளிம்பு கொஞ்சம் கொஞ்சமா வெளியிலை தெரிஞ்சுது. கையாலை இழுத்து எடுத்தன். உள்பக்கம் ஒரு பக்கத்திலை மட்டும் தேய்ஞ்சு கண்ணாடி மாதிரி மினுங்குது, மற்றப் பக்கம் மங்கல். கிராங்க் ஓட்டையிலை ஒரு கீறலும் இல்லை.

டயலும் இரவல் வாங்கி வச்சுப் பாத்தன், மொத்த ஓட்டம் ஆயிரத்திலை நாலு இன்ச். ஷாஃப்ட் நுனி வட்டமாத்தான் இருக்கு. நான் புஷ்ஷே போடுறன், இஞ்சை பக்கத்திலை ஒரு லேத்காரர் ஆயிலைட் கட்டை வச்சிருக்கிறார், கிராங்க் அளவும் ஷாஃப்டையும் அவரிட்டைக் குடுத்திட்டன். மதுரை அண்ணை குறை நினைக்காதேங்கோ.

பட்டறை_மதுரை | மதுரை

குறை என்னண்ணே இதுல. நாலுக்குள்ள இருக்குன்னா எது போட்டாலும் ஓடும். ஒரு பக்கம் மட்டும் தேஞ்சிருக்குன்னா பழைய பாக்ஸோட முன் பேரிங் ஆடிருக்கும், அத யாருக்காச்சும் விக்கிறதா இருந்தா சொல்லிட்டு வித்துருங்க.

ஈப்போ_மைனர் | ஈப்போ

அண்ணே எல்லாருக்கும் வணக்கம். நானும் மைனர் தான், நாலு கதவு சலூன், ஒரிஜினல் கியர்பாக்ஸ். நடுவுல கேக்குறேன்னு கோச்சுக்காதீங்க, எனக்கு நியூட்ரல்ல நிக்கும்போது ஒரு உறுமல் சத்தம் வருது, கிளட்ச் மிதிச்சா நின்னு போகுது. இது பைலட் புஷ்ஷா? இங்க ஒரு வர்க்‌ஷாப்ல புஷ்ஷுனு சொல்லி எஞ்சின இறக்கணும்னு சொல்றாங்க.

கோவை_லேத் | கோயம்புத்தூர்

இல்லைங்க, புஷ்ஷு இல்ல. நியூட்ரல்ல பெடல விட்டிருக்கும்போது கிராங்கும் இன்புட் ஷாஃப்ட்டும் ஒண்ணா சுத்துதுங்க, புஷ்ஷுக்கு அங்க வேலையே இல்ல. பெடல மிதிச்சா நிக்குற சத்தம்னா பாக்ஸுக்குள்ள இன்புட் பேரிங்கு, இல்லாட்டி லே ஷாஃப்ட்டு (இன்புட் ஷாஃப்ட்டோட சேந்து சுத்தற துணை ஷாஃப்ட்டு). புஷ்ஷு சத்தம் நேர் எதிரா வரும், கியர போட்டு பெடல முழுசா மிதிச்சு நிக்கும்போது கீச்சுனு கத்தும். பெடல் மேல லேசா கால வச்ச ஒடனே வர்ற சத்தம் கிளட்ச்ச தள்ளி விடற ரிலீஸ் பேரிங்கு, உங்க ஒரிஜினல் மைனர்ல அது கார்பன் வளையம், தேஞ்சு போயி தகரம் ஒரசும். இன்புட் பேரிங்கோ லே ஷாஃப்ட்டோ ஆனா பாக்ஸ வெளிய எடுக்கத்தான் வேணும், ஆனா புஷ்ஷ மட்டும் மாத்திட்டு மூடுனா சத்தம் அப்படியே இருக்கும். அவங்ககிட்ட இத சொல்லுங்க. வெளிய வந்ததுக்கப்புறம் புஷ்ஷையும் மாத்திக்கங்க, அது தப்பில்ல.

மைனர்67, புஷ்ஷு கைக்கு வந்ததும் எண்ணெய்ல ஊறப் போடுங்க, ஒரு நாள் பூரா கெடக்கட்டும். அவசரம்னா கட்டை விரல் வைத்தியம் இருக்கு. அடித் துளைய ஒரு விரலால மூடி, உள்ள எஞ்சின் ஆயில் ஊத்தி, மேல கட்டை விரல வச்சு அழுத்துங்க. நல்ல ஆயிலைட்டா இருந்தா வெளிப்பக்கம் சின்னச் சின்ன முத்தா எண்ணெய் வேர்க்கும். வேர்க்கலைன்னா துளை அடைஞ்சிருக்கு, அந்த புஷ்ஷு வேண்டாம், திருப்பிக் குடுத்துருங்க. கிரீஸ் மட்டும் தடவாதீங்க, நெறைய பேரு நல்லதுன்னு நெனச்சு தடவறாங்க, அது துளைய அடைச்சுரும்.

அடிக்கறதுக்கு ஒரு படி வச்ச டிரிஃப்ட்ட (புஷ்ஷு மேல வச்சு அடிக்கற கட்டைய) அந்த லேத்காரர்கிட்டயே கடையச் சொல்லுங்க, சின்னப் படி புஷ்ஷுக்குள்ள சரியா போகணும், தோள் புஷ்ஷு முகத்துல முழுசா உக்காரணும். சுத்திய நேரா புஷ்ஷு மேல போட்டா விளிம்பு மடங்கிரும். புஷ்ஷ ஃப்ரிட்ஜ் ஃப்ரீசர்ல கொஞ்ச நேரம் வச்சு எடுத்தா இன்னும் லேசா போகும்.

மைனர்67 | லண்டன்

எவ்வளவு ஆழம் அடிக்கவேணும் அண்ணை? பழசு கிராங்க் முகத்தோடை மட்டமா இருந்தது.

கோவை_லேத் | கோயம்புத்தூர்

பழச பாத்து முடிவு பண்ணக் கூடாதுங்க, பாக்ஸே வேற. நுனி எங்க வந்து நிக்குதோ அங்க புஷ்ஷு இருக்கணும். பெல் ஹவுசிங்க பாக்ஸுல மாட்டிட்டு, அதோட முகத்துல ஒரு நேர் கம்பிய குறுக்க வச்சு, ஷாஃப்ட் நுனி எத்தனை வெளிய நிக்குது இல்ல உள்ள இருக்குன்னு அளங்க. அதே மாதிரி எஞ்சின் பக்கம் பின் பிளேட்டு முகத்துல இருந்து கிராங்க் துளை வாயும் அடியும் எத்தனைன்னு அளங்க. ரெண்டையும் கழிச்சா எல்லாம் தெரிஞ்சுரும். நுனியோட சமமான பகுதி புஷ்ஷுக்குள்ள நல்லா போயிருக்கணும், நுனி முகம் கிராங்க் அடில முட்டக் கூடாது, ஷாஃப்ட்டோட தோளும் கிராங்குல முட்டக் கூடாது. கணக்குல சந்தேகம்னா துளை அடில கொஞ்சம் பிளாஸ்டிசின் (களிமண் மாதிரி மெத்துனு இருக்கறது) வச்சு ஒருக்கா சேத்துப் பாருங்க, எத்தனை அமுங்கியிருக்குன்னு பாத்தா போதும்.

செக்கண்ட் ஹாண்ட் பாக்ஸுங்கறதால கேக்கறேன், அது நாலு சிலிண்டர் சியெர்ராவோடதா? வி6 வண்டில வந்த டைப் 9-க்கு இன்புட் ஷாஃப்ட் நீளம் வேற, ஃபர்ஸ்ட் கியரும் 3.36. நாலு சிலிண்டருக்கு 3.65.

மைனர்67 | லண்டன்

நாலு சிலிண்டர் தான், சுத்தி எண்ணிப் பாத்தன் 3.65க்குக் கிட்டத்தான் வருது.

டொரண்டோ_ஷெவி | டொரண்டோ

பூட்டேக்கை ஒண்டைக் கவனியுங்கோ அண்ணை. பொக்ஸ் எஞ்சினோடை கையாலை தள்ளேக்கையே முகத்துக்கு முகம் வந்து இருக்கவேணும். கொஞ்சம் இடைவெளி நிக்குதெண்டு போல்ட்டைப் போட்டு இழுக்கிற ஆக்கள் இருக்கினம், அதிலைதான் புஷ் நசியுறது, கிளச் பிளேட் மையம் வளையுறது, கிராங்கை முன்னுக்குப் பின்னை போகாமல் பிடிக்கிற த்ரஸ்ட் வாஷர் சாகிறது எல்லாம். இழுக்கவேண்டி வந்தா நிப்பாட்டிப்போட்டுக் கழட்டிப் பாக்கவேணும்.

கோவை_லேத் | கோயம்புத்தூர்

நூத்துக்கு நூறு. முடிச்ச பொறகு கிராங்க் முன் புல்லிய ஒரு நெம்பு கம்பில முன்னயும் பின்னயும் நெம்பிப் பாருங்க. பாக்ஸ் மாட்டறதுக்கு முந்தி இருந்த அதே ஆட்டம் இப்பவும் இருக்கணும். ஏ சீரிஸுல அது ஆயிரத்துல ரெண்டு மூணு இன்ச் தான், அதனால கண்ணுக்குத் தெரியாது, டயல வச்சுப் பாருங்க. ஆட்டம் செத்துப் போயிருந்தா ஷாஃப்ட்டு கிராங்க முட்டித் தள்ளுதுன்னு அர்த்தம், எஞ்சின ஸ்டார்ட் பண்ணவே கூடாது.

மைனர்67 | லண்டன்

பூட்டியாச்சு! புஷ்ஷுக்கு விரல் வச்சு அழுத்தினது இன்னும் கண்ணுக்குள்ளை நிக்குது, முதல் ஒண்டும் தெரியேல்லை, பிறகு வெண்கலத்தின்ரை நிறம் கொஞ்சம் இருண்டுது, அதுக்குப் பிறகு ஊசி நுனி அளவிலை எண்ணெய்ப் பொட்டு சுத்திவர வந்துது. காந்தமும் ஒட்டேல்லை. அடிச்சு முடிச்ச பிறகு ஷாஃப்டைத் தனியாப் போட்டுப் பாத்தா வழுக்கிக் கொண்டு போகுது, ஆட்டிப் பாத்தா ஆட்டம் இல்லை. அந்த லேத்காரர் சுருக்கத்தைச் சரியாக் கணக்குப் பாத்துக் கடைஞ்சிருக்கிறார்.

பிளாஸ்டிசின் வச்ச முதல் தரம் அடியிலை தாராளமா இடம் இருந்தது. ஃபிளைவீல், கிளச் எல்லாம் போட்டு, பிளேட்டை மையப்படுத்த ஃபோர்ட் ஸ்பிளைனுக்குச் (ஷாஃப்டிலை நீளத்துக்கு வெட்டின பல்லு) சரியான பழைய இன்புட் ஷாஃப்ட் ஒண்டை இரவல் எடுத்தனான், மைனர் டூல் இதுக்குச் சரிவராது. பிறகு நானும் தம்பியுமாப் பொக்ஸைத் தூக்கி, அஞ்சாம் கியரிலை போட்டு, பின் ஷாஃப்டைக் கொஞ்சம் திருப்பினன், ஸ்பிளைன் பிடிச்சுது, ஒரு தள்ளு, முகத்துக்கு முகம் வந்து இருந்துது. போல்ட் எல்லாம் கையாலை சுத்தின பிறகுதான் ஸ்பானர் எடுத்தது. டயலிலை கிராங்க் ஆட்டம் முந்தி இருந்த அளவே நிக்குது.

இன்னும் ஸ்டாண்டிலைதான். கிளச் ஃபோர்க்கைக் கட்டையாலை தள்ளிப் பிடிச்சுக் கொண்டு கியரிலை வச்சுப் பின் ஷாஃப்டைச் சுத்தினா கிராங்க் அசையாமல் அந்த ஷாஃப்ட் லேசாச் சுத்துது. இது போதும்தானே? அடுத்தது கியர் எண்ணெய், கடையிலை ஜிஎல்-5 எண்ட தரம் தாறாங்கள், ஊத்தலாமோ?

கோவை_லேத் | கோயம்புத்தூர்

அருமைங்க. அந்தப் பின் ஷாஃப்ட்டு தனியா சுத்துச்சுன்னா புஷ்ஷு பிடிக்கலைன்னு அர்த்தம், தைரியமா வண்டில ஏத்துங்க.

ஜிஎல்-5 வேண்டாங்க, அதுல இருக்கற கந்தகம் சிங்க்ரோ வளையத்துப் பித்தளைய அரிக்கும். ஜிஎல்-4, 75டபிள்யூ90 கேட்டு வாங்குங்க.

ஈப்போ_மைனர் | ஈப்போ

லேத் அண்ணே, நீங்க சொன்ன மாதிரியே வர்க்‌ஷாப்ல கியர போட்டு, பெடல மிதிச்சு, விட்டு, எல்லாம் கேக்க வச்சேன். புஷ்ஷு இல்ல, இன்புட் பேரிங் தான்னு அவங்களே ஒத்துக்கிட்டாங்க. பேரிங்கும் புஷ்ஷும் ரெண்டும் ஆர்டர் போட்டாச்சு, வந்ததும் காந்தம் வச்சுப் பாத்துட்டு இங்க எழுதுறேன்.